காஞ்சிபுரமும் உயர் வட்டி முதலீட்டு மோசடிகளும்

உயர் வட்டி முதலீட்டு மோசடி என்பது, வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் தர இயலாத வட்டியைத் தருவதாகக் கூறிப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் ஏமாற்று முறையாகும். இதில் புதிதாகச் சேருபவர் கட்டும் பணமே, முன்பு சேர்ந்தவருக்கு வட்டியாகக் கொடுக்கப்படுகிறது. புதியவர் வரத்து குறையும் நாளில் திட்டம் சரிகிறது. 2020 முதல் 2022 வரையிலான காலத்தில் வட தமிழ்நாட்டில் இத்தகைய திட்டங்கள் வேகமாகப் பரவின. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரமும் அவற்றின் வலைக்குள் வந்தது.

வட்டி இவ்வூருக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பொன்னை வட்டிக்குக் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் எழுத்துச் சான்று உண்டு. அந்தப் பழைய வட்டியையும் அண்மைக்காலத் திட்டங்கள் சொன்ன வட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

பொன்னும் பொலிசையும்

சோழர் காலத்தில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். கோயிலுக்கு ஒருவர் பொன்னோ காசோ கொடுத்தால், கோயில் அதைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஊர்ச் சபையாரிடமோ, வணிகரிடமோ, குறிப்பிட்ட ஒரு குடியிருப்பின் மக்களிடமோ முதலாகக் கொடுக்கும். அவர்கள் ஆண்டுதோறும் பொலிசை செலுத்துவர். அதைக் கொண்டு விளக்கு எரியும், திருவிழா நடக்கும்.

உத்தம சோழன் (ஆட்சி தொடக்கம் கி.பி. 970 அளவில்) காலத்துச் செப்பேடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள இச்செப்பேடுகள், கச்சிப்பேடு என்று அன்று வழங்கிய காஞ்சிபுரத்தில் உள்ள ஊரகத்துப் பெருமாள் கோயில், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில் தொடர்பானவை. அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலிகள் எனும் நெசவாளர் இவ்வூரில் குடியமர்ந்திருந்ததையும், கோயில் நிருவாகத்தில் அவர்களுக்குப் பொறுப்பு இருந்ததையும் அவை கூறுகின்றன. கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலிய குடியிருப்புகளின் மக்கள் கோயில் பொன்னைப் பெற்று, அதற்குப் பொலிசை செலுத்திய செய்தியும் அவற்றில் உண்டு.

இந்தப் பொலிசையின் அளவு என்ன? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு என்ற விகிதம் திரும்பத் திரும்ப வருகிறது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. பேரரசன் எழுப்பிய கோயிலின் முதலுக்கே அவ்வளவுதான்.

வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பொதுமக்களின் வைப்புத்தொகைக்குத் தரக்கூடிய உச்ச வட்டியை 2007இல் இந்திய ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 12.5 விழுக்காடு என்று நிர்ணயித்தது. இரண்டு எண்களும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆனால் நேர்மையான தொழில் தன் வருவாயிலிருந்து தரக்கூடிய வட்டிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இரண்டுமே காட்டுகின்றன.

செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் மற்றொரு சிறப்பு உண்டு. முதல் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, பொலிசை எவ்வளவு, அது எதற்குச் செலவாகிறது ஆகியவற்றை அவை பலரறியப் பதிவு செய்தன. உயர் வட்டித் திட்டங்கள் மறைப்பது இவற்றைத்தான்.

நிதியும் சீட்டும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டின் நகரங்களில் நடுத்தர மக்கள் 'நிதி' எனப்படும் பரஸ்பர சேமிப்பு அமைப்புகளைத் தொடங்கினர். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு அவற்றுள் பழமையானது. உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுப்பது நிதியின் வழக்கம். சீட்டு முறையிலும் இருபது பேர் மாதந்தோறும் பணம் போட, ஏலத்தில் தள்ளி எடுப்பவருக்குத் தொகை போகும். மற்றவர்களுக்குக் கழிவு கிடைக்கும். இரண்டிலும் ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கடன் வாங்கியவர் கட்டும் வட்டி, சீட்டை முன்னதாக எடுத்தவர் விட்டுக்கொடுத்த கழிவு என்று அதைச் சுட்டிக்காட்டலாம்.

பெயர் பெற்ற நிறுவனம் என்பதனால் மட்டும் பணம் பாதுகாப்பாக இருந்துவிடாது என்பதைச் சென்னை 1906லேயே கண்டது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள், ஆங்கிலேயரின் புகழ்பெற்ற நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் தாக்கத்தில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது.

பான்சி முறை

புதியவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுக்கும் முறை, சார்லஸ் பான்சி என்பவர் பெயரால் 'பான்சி முறை' எனப்படுகிறது. இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்ற இவர், பாஸ்டன் நகரில் 45 நாளில் 50 விழுக்காடு ஆதாயம் தருவதாக அறிவித்தார். பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி மற்றொரு நாட்டில் மாற்றுவதே தம் தொழில் என்றார். உண்மையில் அத்தகைய வணிகம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1920 ஆகஸ்டில் திட்டம் கவிழ்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கூப்பன். எல்லாரும் கேள்விப்பட்ட, ஆனால் எவருக்கும் உள்விவரம் தெரியாத ஒரு பொருள் அது. பிற்காலத் திட்டங்களில் கூப்பனின் இடத்தில் தேக்கு மரம், ஈமு கோழி, அந்நியச் செலாவணி, தங்கம், மறைநாணயம் என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன.

தமிழ்நாட்டில் தொடர்ந்த அலைகள்

1990களில் தமிழ்நாட்டில் தனியார் நிதி நிறுவனங்கள் பெருகின. பலவும் வங்கியைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டி, பின்னர் கதவைச் சாத்தின. ஓய்வு பெற்றோரும் சிறு வணிகரும் பெரிதும் இழந்தனர். இதன் விளைவாகவே 1997இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1998இல் தேக்கு வளர்ப்பின் பெயரால் பணம் திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் சரிந்தது. 2012இல் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு பண்ணை மூடப்பட்டது. ஈமுவை வளர்த்தால் மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் கட்டிய உழவர்களிடம் எஞ்சியவை தீனிக்கு வழியில்லாத பறவைகள் மட்டுமே.

இணையம் பரவியபோது இதே முறை புதிய வடிவம் பெற்றது. திருப்பூரில் 2008இல் தொடங்கிய பாசி ஃபோரெக்ஸ் நிறுவனம், இணையவழி அந்நியச் செலாவணி வணிகத்தில் ஈட்டித் தருவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே பணம் தருவது நின்றது. ஏமாற்றப்பட்டோர் 58,571 பேர் என்றும் தொகை 930 கோடி ரூபாய் என்றும் வழக்கில் கணக்கிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் கோவை தனி நீதிமன்றம் இயக்குநர் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறையும், மொத்தம் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. பணம் கட்டியவர்கள் தீர்ப்பைக் காண 13 ஆண்டுகள் காத்திருந்தனர்.

2011இல் ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. 11,000 ரூபாய் கட்டி உறுப்பினரானால், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாரந்தோறும் சம்பாதிக்கலாம் என்றது. அவ்வாண்டின் நடுவிலேயே பணம் வருவது நின்றுபோனது. இங்கே முதலீடு, 'வேலை' என்ற வேடம் போட்டு வந்தது. கைப்பேசியில் படத்துக்கு விருப்பக் குறி இட்டால் பணம், விளம்பரம் பார்த்தால் பணம் என்று இன்று வரும் அழைப்புகள் இதன் தொடர்ச்சியே.

ஆருத்ராவும் ஐ.எஃப்.எஸ். நிறுவனமும்

சென்னை அமைந்தகரையில் தலைமையிடம் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம், தங்க வணிகத்தின் பெயரால் பணம் திரட்டியது. மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லப்பட்டது. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு தரும் கணக்கின்படி, 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கப்பட்டது. 2022 மே மாதத்தில் காஞ்சிபுரம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் சோதனை நடந்தது.

சில மாதங்களில் அடுத்த செய்தி வந்தது. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டர்நேஷனல் ஃபைனான்சியல் சர்வீசஸ், அதாவது மக்கள் வழக்கில் ஐ.எஃப்.எஸ்., பங்குச் சந்தை முதலீட்டின் பெயரால் மாதம் 6 முதல் 10 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லிச் சுமார் 6,000 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை தெரிவித்தது. 2022 ஆகஸ்டில் வேலூர், காஞ்சிபுரம் முதலிய மாவட்டங்களில் சோதனைகள் நடத்தப்பட்டன.

இரண்டிலும் மாதவட்டி வங்கிக் கணக்கில் நேராக வந்து விழுந்தது. கைப்பேசிக் குழுக்களில் அந்த வரவுச் செய்திகள் பகிரப்பட்டன. ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர் அல்லர். தெருவில் தெரிந்தவர், சம்பந்தி வீட்டார், உடன் வேலை பார்ப்பவர் ஆகியோரே முகவராயினர். பலர் தாமும் பணம் கட்டியிருந்ததால் முழு நம்பிக்கையுடன் பேசினர். ஆகவே திட்டம் சரிந்தபோது, பணத்தோடு உறவும் அறுந்தது.

நெசவு ஊருக்கு ஏன் இது இனித்தது?

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் முதலிய தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் தறி வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. சேலை முடிந்தால்தான் கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்னும் வேலை மிகும். பட்டு நூல் விலையும் ஜரிகை விலையும் ஏறினால் பாவு கிடைப்பது குறையும். மழைக் காலத்தில் தெருவில் பாவு விரித்து வேலை செய்ய இயலாது. விசைத்தறிச் சேலைகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் திருமணங்கள் சுருங்கியபோது பட்டுச் சேலைக்கான தேவையும் விழுந்தது.

இத்தகைய ஊரில் 'மாதம் பிறந்தால் பணம்' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. மகள் திருமணத்துக்குச் சேர்த்த தொகை, கடைசியாக வாங்கிய முன்பணம், அடகு வைத்த நகை ஆகியவை கைக்கு அருகில் இருப்பவை. நகையை ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு வட்டியில் அடகு வைத்து, மாதம் 25 விழுக்காடு வாங்கலாம் என்ற கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். சரியும்போது இழப்பு இரண்டு மடங்கு: கட்டிய பணமும் போகும், நகைக் கடனும் நிற்கும்.

பாதுகாப்பான வழிகள் இங்கே இல்லாமல் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில், கூலியிலிருந்து சிறு பங்கைப் பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்துச் சேமிக்கும் திட்டம் நீண்ட காலமாக உண்டு. அஞ்சலகச் சேமிப்பும் உண்டு. அவை மெதுவாக வளர்பவை. ஆனால் வளர்ச்சிக்கான காரணம் தெரிந்தவை.

கணக்கு சொல்லும் முடிவு

இத்திட்டங்கள் ஏன் கவிழ்ந்தே தீரும் என்பதை எளிய கணக்கால் அறியலாம்.

100 பேர் தலைக்கு ஒரு இலட்சம் ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். திரண்டது ஒரு கோடி. மாதவட்டி 30 விழுக்காடு என்றால், மாதம் 30 இலட்சம் கொடுக்க வேண்டும். தொழில் எதுவும் இல்லையெனில், மூன்று மாதத்தில் 90 இலட்சம் தீர்ந்துவிடும். நான்காம் மாதம் பெட்டியில் பணம் போதாது.

பெட்டி குறையாமல் வட்டி கொடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மாதமும் உள்ள உறுப்பினரில் நூற்றுக்கு 30 பேர் வீதம் புதியவர் வர வேண்டும். புதியவருக்கும் அடுத்த மாதமே வட்டி தர வேண்டும். அப்படியானால் உறுப்பினர் எண்ணிக்கை இவ்வாறு வளர வேண்டும்:

தொடக்கத்தில் 100 பேர்.
ஓராண்டு முடிவில் சுமார் 2,330 பேர்.
இரண்டாண்டு முடிவில் சுமார் 54,000 பேர்.
மூன்றாண்டு முடிவில் 12 இலட்சத்துக்கும் மேல்.

இன்றைய காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 11.66 இலட்சம் பேர். கைக்குழந்தை உட்பட மாவட்டமே சேர்ந்தாலும் மூன்றாம் ஆண்டைத் தாண்ட முடியாது. முகவர் தரகு, விளம்பரம், நடத்துபவர் எடுத்துக்கொள்வது ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் முடிவு இன்னும் விரைவில் வரும்.

'எனக்கு ஆறு மாதம் ஒழுங்காக வந்தது' என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அது திட்டம் நேர்மையானது என்பதற்குச் சான்றாகாது. ஆறு மாதம் ஒழுங்காக வருவதுதான் இத்திட்டத்தின் தூண்டில். திட்டம் கடைசிக் கட்டத்தை நெருங்கும்போதே உறுப்பினர் எண்ணிக்கை மிகுந்திருக்கும் என்பதால், இழப்போரில் பெரும்பான்மையினர் கடைசியில் சேர்ந்தவர்களாகவே இருப்பர்.

சட்டங்கள்

பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் 1978, ஆள் சேர்த்தால் பணம் என்ற வகைத் திட்டங்களைத் தடை செய்கிறது.

சீட்டு நிதிச் சட்டம் 1982, சீட்டு நடத்துவோர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது.

தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997, பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்தை முடக்கவும், விற்று வைப்பீட்டாளருக்குப் பகிர்ந்தளிக்கவும் வழி செய்கிறது. குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதற்கான தனி நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் உள்ளன. இச்சட்டம் செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019, பதிவு இல்லாமல் வைப்புத்தொகை பெறுவதையே குற்றமாக்குகிறது. பணம் போடத் தூண்டும் முகவரும் இச்சட்டத்தின்கீழ்ப் பொறுப்பாவார். தரகுக்காக உறவினரைச் சேர்த்துவிடுபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் பணம் முழுதாகத் திரும்புவது அரிது. வட்டியாகக் கொடுக்கப்பட்டது முன்னவர் கையில் செலவாகியிருக்கும். மீதி, பினாமி சொத்தாகவும் வெளிநாட்டுப் பணமாகவும் சிதறியிருக்கும். முடக்கிய சொத்தை ஏலம் விட்டுக் கிடைப்பதை அனைவருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். ஆண்டுகள் பல ஆகும்.

புகார் கொடுக்கப் பலர் தயங்குவதும் தாமதத்துக்கு ஒரு காரணம். வழக்குப் பதிவானால் நிறுவனம் முடங்கும், வர வேண்டிய வட்டி நின்றுவிடும் என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. 2024 ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் பணம் என்று இயங்கிய ஒரு செயலி நிறுவனத்தின்மீது கோவையில் வழக்குப் பதிவானபோது, அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவு காட்டினர். பணம் வந்துகொண்டிருக்கும் வரை எச்சரிப்பவரே எதிரியாகத் தெரிவார்.

சோதித்தறியும் முறை

பட்டுச் சேலை வாங்க வருபவருக்கு ஜரிகையை உரசிக் காட்டுவது காஞ்சிபுரத்து வழக்கம். உண்மை ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் ஏற்றப்பட்டிருக்கும். மேலே மின்னுவதை மட்டும் பார்த்து விலை பேசுபவர் இங்கே குறைவு. முதலீட்டையும் இவ்வாறே உரசிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? தங்கத்தில், பங்குச் சந்தையில், செலாவணியில் என்ற பதில் போதாது. மாதம் 25 விழுக்காடு ஈட்டத் தெரிந்தவர் வங்கியில் கடன் வாங்கியே பெருஞ்செல்வர் ஆகலாம். அவர் பிறர் வீட்டு நகைப் பணத்தை நாடி வர வேண்டியதில்லை.

இரண்டாவது: எந்த அமைப்பிடம் பதிவு பெற்றுள்ளது? 'கம்பெனி பதிவுச் சான்றிதழ்' என்பது நிறுவனம் தொடங்கியதற்கான சான்று மட்டுமே. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற அது உரிமம் ஆகாது. வைப்புத்தொகைக்கு ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைக்குச் செபி, சீட்டுக்கு மாவட்டச் சீட்டுப் பதிவாளர் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய அமைப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய 'சசெத்' இணையதளத்தில், ஒரு நிறுவனம் வைப்புத்தொகை பெற அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம், புகாரும் அளிக்கலாம்.

மூன்றாவது: நிறுவனம் வீழ்ந்தால் யார் பொறுப்பு? வங்கி வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உயர் வட்டித் திட்டத்துக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

பணம் கட்டி ஏமாந்தவர் ரசீது, ஒப்பந்தப் பத்திரம், வங்கி வரவு செலவுப் பதிவு, கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்க வேண்டும். காஞ்சிபுரத்திலும் அதன் பிரிவு உள்ளது. இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால், பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. இழப்பை வீட்டாரிடம் மறைத்து, அதை ஈடுகட்ட மற்றொரு திட்டத்தில் பணம் போடுவதே பலரை இரண்டாம் முறையும் வீழ்த்துகிறது. முதல் இழப்பைச் சொல்லிவிடுபவர், மிச்சமிருப்பதையாவது காத்துக்கொள்கிறார்.